ஓடுகிற நட்சத்திரத்துக்கு வயது என்ன?

அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தே, அணைத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிவிடுகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. சுள்ளென்று அனல் அடித்தால் இப்போதுதான் அணைத்திருக்கிறார்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். கல் சில்லிட்டுக் கிடந்தால் சமையல் முடிந்து வெகுநேரம்.

நட்சத்திரங்களின் வயதைக் கணிக்க வானியலாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று கிட்டத்தட்ட இதேதான். அவர்களுடைய தோசைக்கல்லுக்குப் பெயர் வெள்ளைக் குள்ளன்.

சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், தன் நடுவிலிருக்கும் ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஊதிப் பெருத்துச் சிவப்பு ராட்சதனாகிறது. பிறகு சட்டையைக் கழற்றுவதுபோல வெளி அடுக்குகளை விண்வெளியில் உதறிவிடுகிறது. மிஞ்சுவது நடுக்கரு மட்டும். பெரும்பாலும் சூரியனில் பாதிக்குமேல் எடை, ஆனால் உருவம் பூமி அளவுதான். அதில் ஒரு தேக்கரண்டி அள்ள முடிந்தால் ஒரு யானையின் எடை இருக்கும். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் போனால் நம் சூரியனுக்கும் இதே கதிதான்.

இந்தக் குள்ளனுக்குள் அடுப்பு எரிவதில்லை. எரிபொருள் தீர்ந்துபோன கரு அது. பிறந்த புதிதில் லட்சம் டிகிரிக்கு மேல் தகிக்கும்; அதன் பிறகு செய்வதெல்லாம் ஆறுவது ஒன்றுதான். அதுவும் மிக மெதுவாக. ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆறிய குள்ளன்கூட இன்னும் 4,000 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்படியானால் வெப்பநிலையை அளந்தால் வயது கிடைத்துவிடும் அல்லவா?

கேட்பதற்கு எளிதுதான். ஆனால் தோசைக்கல் விஷயத்திலேயே சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். கனமான இரும்புக் கல்லா, மெல்லிய நான்ஸ்டிக்கா? மேலே மூடி போட்டிருந்தார்களா? வெள்ளைக் குள்ளனில் கல்லின் கனம் என்பது அதன் நிறை. மூடி என்பது மேலே படிந்திருக்கும் மெல்லிய வாயுப் படலம். அது ஹைட்ரஜனா, ஹீலியமா என்பதைப் பொறுத்து ஆறும் வேகம் மாறும்.

இன்னொரு சங்கதி இதைவிட முக்கியம். அணைத்த பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான் கல்லின் சூடு சொல்லும். அதற்கு முன்னால் அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தது? சூரியன் அளவு நட்சத்திரம் சுமார் 1,000 கோடி ஆண்டுகள் எரியும். அதைப்போல இரண்டு மடங்கு எடையுள்ளது 100 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் தாங்கும். நட்சத்திரங்களில் கொழுத்தவை சீக்கிரம் போய்ச் சேருகின்றன.

ஆக, எரிந்த காலத்தையும் ஆறிய காலத்தையும் கூட்டினால்தான் உண்மையான வயது. எரிந்த காலத்தை நேரில் அளக்க வழியில்லை. குள்ளனின் எடையைப் பார்த்து, அதன் தாய் நட்சத்திரத்தின் எடை இவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். குள்ளனின் எடையில், சூரியனுடைய எடையில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகினால் போதும். மொத்த வயதில் பல நூறு கோடி ஆண்டுகள் கூடும் அல்லது குறையும். பின்னால் வரப்போகிற சண்டைக்கு இந்தப் பிசகுதான் பாதிக் காரணம்.

கூட்டத்துக்குக் குறுக்கே போகிறவர்

வயதைச் சொல்ல இன்னொரு வழியும் இருக்கிறது. நட்சத்திரத்தின் நடையைக் கவனிப்பது.

சூரியனும் அதன் அக்கம்பக்கத்து நட்சத்திரங்களும் பால்வெளி மண்டலத்தின் மையத்தை நொடிக்குச் சுமார் 220 கி.மீ வேகத்தில் சுற்றிவருகின்றன. பௌர்ணமி கிரிவலத்தில் நடக்கும் கூட்டத்தைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே திசையில் நடக்கும்போது பக்கத்தில் வருகிறவர் நகராததுபோலவே தோன்றும். யாராவது ஒருவர் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு குறுக்கே போனால் சட்டென்று கண்ணில் படுவார். அவர் ரொம்ப வேகமாகப் போகிறார் என்று அர்த்தமில்லை. நம்மோடு சேர்ந்து வரவில்லை, அவ்வளவுதான்.

பால்வெளியில் மூன்று பேட்டைகள் உண்டு. சூரியன் இருப்பது மெல்லிய தட்டு; இளசும் நடுவயதும் கலந்த பேட்டை. அதைச் சூழ்ந்து தடித்த தட்டு. அங்கிருப்பவை பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டுகளை ஒட்டிய பழைய நட்சத்திரங்கள், நடையும் கொஞ்சம் தாறுமாறு. இரண்டையும் உருண்டையாகச் சூழ்ந்திருப்பது ஒளிவட்டம். பால்வெளியின் முதல் தலைமுறை அங்கேதான் வசிக்கிறது. ஒளிவட்டத்து நட்சத்திரங்கள் தட்டோடு சேர்ந்து சுற்றுவதில்லை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகத் தட்டை ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு அவை குறுக்கே ஓடுகிற ஆட்கள்.

தட்டில் பிறந்த நட்சத்திரங்களும்கூட வயதாக ஆக நிதானம் இழக்கின்றன. வழியில் எதிர்ப்படும் வாயு மேகங்களும் தட்டின் சுருள் கைகளும் அவற்றை அங்கங்கே இழுத்துத் தள்ள, நடை கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாகிறது. மனிதர்களில் வயதானவர் மெதுவாக நடப்பார். நட்சத்திரங்களில் வயதானவைதான் அதிகம் ஓடுகின்றன.

இந்த ஓட்டத்தைப் பிடிப்பது எப்படி? பத்திரிகைகளில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' போலத்தான். ஒரே வானத்தைச் சில ஆண்டுகள் இடைவெளியில் இரண்டு கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்தால், நகர்ந்த நட்சத்திரம் மட்டும் துள்ளும். இந்த வேலையில் வில்லெம் லய்டன் என்பவரை மிஞ்ச ஆளில்லை. ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். 'வெள்ளைக் குள்ளன்' என்ற பெயரையே 1922-ல் வைத்தவர் அவர்தான். 1925 வாக்கில் ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு கண்ணோடு, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் நகர்வைப் பட்டியல் போட்டார்.

38 குள்ளர்களும் ஒரு பெரிய அறிவிப்பும்

2001 மார்ச் மாதம். 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. பென் ஓப்பன்ஹைமரும் நைஜல் ஹாம்ப்லியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து எழுதியது. ஆஸ்திரேலியாவில் எடுத்த கண்ணாடித் தகடுகளை எடின்பரோவிலுள்ள சூப்பர்காஸ்மாஸ் என்ற ஸ்கேனர் கணினிக்குள் ஏற்றியிருந்தது. அதில் வானத்தின் பத்தில் ஒரு பங்கைச் சலித்து, 38 வேகமான, ஆறிப்போன வெள்ளைக் குள்ளர்களைப் பிடித்திருந்தார்கள். 34 பேர் அதுவரை யாரும் பார்க்காதவர்கள்.

இதோடு விட்டிருந்தால் அது நல்ல, அமைதியான கண்டுபிடிப்பு. ஆனால் கட்டுரையின் தலைப்பு வேறு சொன்னது: பால்வெளி ஒளிவட்டத்தின் இருண்ட பொருளை நேரடியாகக் கண்டுவிட்டோம் என்று.

இருண்ட பொருள் என்றால் என்ன என்பது இன்றுவரை தீராத புதிர். மண்டலங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு எடை அவற்றில் ஒளிந்திருக்க வேண்டும். அது இதுவரை அறியாத துகள்களா, அல்லது மங்கிப்போன சாதாரணப் பொருள்களா? இரண்டாவது பதிலுக்கு அப்போது ஆதரவு இருந்தது. அருகிலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தின் நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த 'மாச்சோ' என்ற குழு, 2000-ல் தன் முடிவை வெளியிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குறுக்கே போகும்போது, அதன் ஈர்ப்பு லென்ஸ்போல வேலை செய்து, பின்னாலிருக்கும் நட்சத்திரத்தைச் சில வாரங்களுக்குப் பிரகாசமாக்கும். அப்படிப் பிரகாசித்தவற்றை எண்ணிப் பார்த்து, ஒளிவட்டத்தின் இருண்ட எடையில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பொருள்களில் இருக்கலாம் என்றார்கள். ஒவ்வொன்றின் எடையும் சூரியனில் பாதி அளவு.

சூரியனில் பாதி எடை, வெளிச்சமே இல்லை. வெள்ளைக் குள்ளனுக்கு இதைவிடப் பொருத்தமான அங்க அடையாளம் வேண்டுமா? அந்த நேரத்தில்தான் 38 பேர் கையில் கிடைத்தார்கள். இருண்ட எடையில் குறைந்தது 2 சதவீதம் இவர்களைப் போன்றவர்கள்தான் என்று கட்டுரை கணக்குச் சொன்னது. உலகமெங்கும் அது செய்தியானது.

38 குள்ளர்களும் உண்மையானவர்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் முழுக்க அவர்களின் முகவரியைப் பற்றித்தான்.

முதல் எதிர்ப்பு சில மாதங்களுக்குள்ளேயே வந்தது. நீல் ரீட், கைலாஷ் சாஹு, சூசன் ஹாலி மூவரும் வேறொரு ஒப்பீடு செய்தார்கள். சூரியனுக்கு அருகிலுள்ள சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள், அதாவது நம் பேட்டைக்காரர்கள் என்று நன்றாகத் தெரிந்தவை, எப்படியெல்லாம் ஓடுகின்றன என்று பார்த்தார்கள். அவற்றிலும் தாறுமாறாக ஓடுகிறவை கொஞ்சம் இருந்தன. தடித்த தட்டின் ஆட்கள். ஒளிவட்டத்தைவிடத் தடித்த தட்டு நட்சத்திரங்கள்தான் நம் அருகில் மிக அதிகம். அவற்றில் சிறு பங்கு வேகமாக ஓடினாலே 38-ல் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கு சரியாகிவிடும். கட்டுரையின் தலைப்பிலேயே பதில் இருந்தது: தடித்த தட்டு, இருண்ட பொருள் இல்லை.

வேகத்தை அளந்ததிலும் ஓர் ஓட்டை இருந்தது. தகட்டில் தெரிவது குறுக்கு ஓட்டம் மட்டும். நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது நிறமாலைக் கோடுகளில்தான் தெரியும். ஆறிப்போன குள்ளர்கள் பலரின் நிறமாலையில் கோடே இருக்காது. வழித்துவிட்ட பலகை மாதிரி. கோடு உள்ளவற்றிலும் ஒரு குறும்பு உண்டு. குள்ளனின் கடும் ஈர்ப்பிலிருந்து ஏறிவருவதற்குள் ஒளி களைத்துச் சற்றே சிவக்கும். நொடிக்கு 30 கி.மீ வேகத்தில் விலகிப் போவதுபோல அது பொய்க்கணக்குக் காட்டும்.

அடுத்து வந்தவர் பிராட் ஹான்சன். அவர் நடையை விட்டுவிட்டுத் தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்தார். 38 பேரின் வயதுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று கணக்கிட்டு, சாதாரணத் தட்டுக் குள்ளர்களின் வயதுப் பரவலோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒளிவட்டம் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தலைமுறை. அங்கிருந்து வந்தவர்கள் என்றால் எல்லோரும் ஒருசேரக் கிழடாகி, நன்றாக ஆறியிருக்க வேண்டும். இவர்களிலோ பலர் இன்னும் சூடு தணியாதவர்கள்.

கனடாவின் பியர் பெர்ஜரான் 2003-ல் அதே சூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் கறாராகக் கேட்டார். இவர்களின் எடை தெரியுமா? தெரியாது; தூரமே சரியாகத் தெரியவில்லை. எடை குறைவாக இருந்தால், தாய் நட்சத்திரம் ஆயிரம் கோடி ஆண்டுகள் நின்று எரிந்திருக்கலாம். அப்போது சூடான குள்ளனும் கிழவனாக இருக்கலாம். எடை வழக்கம்போல இருந்தால் இவர்கள் ஒளிவட்டத்துக்கு மிகவும் இளசு. தூரத்தை அளக்காமல் வயதைப் பேசுவது வீண் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இன்னொரு கேள்வியை ஆரம்பத்திலேயே சிலர் கேட்டிருந்தார்கள். ஒளிவட்டம் முழுக்க வெள்ளைக் குள்ளர்கள் நிறைந்திருந்தால், அத்தனை தாய் நட்சத்திரங்களும் உதறிய கார்பனும் நைட்ரஜனும் எங்கே போயின? பதில் இல்லை. கடைசியில் மாச்சோவின் கணக்கும் நிற்கவில்லை. அதே மெகல்லன் மேகங்களைக் கவனித்த பிரான்ஸின் 'ஈரோஸ்' குழு, இப்படிப்பட்ட பொருள்கள் ஒளிவட்டத்தின் எடையில் 8 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்று 2007-ல் சொன்னது. இருண்ட பொருளைத் தேடுகிறவர்கள் மறுபடி துகள்கள் பக்கம் திரும்பினார்கள்.

உண்மையான ஒளிவட்டத்துக் குள்ளர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை 2002-ல் ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது. விருச்சிக ராசியில், கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், எம்4 என்ற நட்சத்திரக் கொத்து இருக்கிறது. அதில் எல்லா நட்சத்திரங்களும் ஒன்றாகப் பிறந்தவை என்பதால் 'இவர் எந்தப் பேட்டை' என்ற தகராறே கிடையாது. ஹப்பிள் அதன் ஒரு மூலையை மொத்தம் எட்டு நாள் அளவுக்கு உற்றுப் பார்த்து, மங்கலிலும் மங்கலான குள்ளர்களைப் பிடித்தது. அவற்றின் சூட்டை வைத்து வந்த வயது ஏறத்தாழ 1,270 கோடி ஆண்டுகள். கணக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் அதே பிராட் ஹான்சன்.

சூடு ஜெயித்தது, நடை தோற்றது. 2001-ன் வழக்கு இப்படித்தான் முடிந்தது.

நடை ஜெயித்த கதை

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் ஏவிய 'கையா' விண்கலம் இந்தத் துறையையே புரட்டிப்போட்டது. ஒரு விரலைக் கண் முன்னே நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறித் தெரியும் அல்லவா? பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரங்களும் அப்படித்தான் இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால் தூரம் கிடைத்துவிடும். 2018 ஏப்ரலில் கையா வெளியிட்ட பட்டியலில் 130 கோடி நட்சத்திரங்களுக்கு இந்த அளவு இருந்தது. பெர்ஜரான் கேட்ட தூரம் ஒரே நாளில் உலகத்துக்கே கிடைத்தது. அதற்கடுத்த பட்டியலிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைக் குள்ளர்கள் மட்டும் 3,59,000 பேர்.

தூரம் தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். பிரகாசமும் வெப்பநிலையும் தெரிந்தால் உருவத்தின் அளவு தெரியும். வெள்ளைக் குள்ளனில் அளவு தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். இனி வயதில் தகராறு இருக்காது என்று நினைத்திருப்பார்கள். அப்போதுதான் சூடு காலை வாரியது.

எடை கூடிய குள்ளர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் மட்டும் நெரிசலாகக் குவிந்திருந்தார்கள். ஏதோ ஒன்று அவர்களை ஆறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு காரணம் ஏற்கெனவே தெரியும். ஆறும்போது குள்ளனின் உள்ளே இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் உறைந்து படிகமாகும். உறையும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவரும். ஹியூ வான் ஹார்ன் 1968-ல் சொன்ன இதை 2019-ல் கையாவின் தரவு உறுதிசெய்தது. ஆனால் அந்த வெப்பம் மட்டும் இந்த நெரிசலுக்குப் போதவில்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த சிஹாவ் செங், அந்தக் கூட்டத்தின் நடையைப் பார்த்தார். சூட்டை வைத்துக் கணக்கிட்டால் இளைஞர்கள். ஓட்டமோ ஆயிரம் கோடி ஆண்டுகள் வாழ்ந்த கிழவர்களின் ஓட்டம். 2001-ல் நடந்த அதே முரண்பாடு. இந்த முறை நடை சொன்னதுதான் சரி. எடை கூடிய குள்ளர்களில் சுமார் 6 சதவீதம் பேர் அந்த இடத்தில் 800 கோடி ஆண்டுகள் ஆறாமலே நின்றிருக்கிறார்கள் என்று 2019-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். அடுப்பு அணைந்து அவ்வளவு காலமாகியும் கல் சுடுகிறது.

எப்படி என்பதற்கு 2024-ல் 'நேச்சர்' இதழில் விடை வந்தது. எழுதியவர்கள் அன்டுவான் பெடார், சிமோன் புளுவான், கூடவே செங். எண்ணெய்ச் சட்டியில் வடை வெந்ததும் மேலே எழுந்து மிதக்கும். சில குள்ளர்களுக்குள் உறையும் படிகங்களும் அப்படித்தான் மிதக்கின்றன. நியான் போன்ற கனமான கலப்புகளை அவை வெளியே தள்ளிவிட்டு உருவாவதால், சுற்றியுள்ள திரவத்தைவிட இலேசாகிவிடுகின்றன. படிகம் மேலே போகப் போக, கனமான திரவம் மையத்தை நோக்கி இறங்குகிறது. அணையிலிருந்து விழும் தண்ணீர் ஆற்றல் தருவதுபோல இந்த இறக்கமும் ஆற்றல் தருகிறது. பல நூறு கோடி ஆண்டுகள் குள்ளனின் சூடு குறையாமல் இருக்க அது போதும்.

எல்லாக் குள்ளர்களுக்கும் இது பொருந்தாது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகிப் பிறந்த குள்ளர்களிடம்தான் இப்படி நடக்கிறது என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. அது யார் யார் என்று வெளியே பார்த்துச் சொல்வது சுலபமில்லை.

கவணில் இருந்து பறந்த கல்

வேகத்துக்கு வயதும் பேட்டையும் மட்டும்தான் காரணமா? 38 குள்ளர்கள் விவகாரத்தின்போதே மெல்வின் டேவிஸ் உள்ளிட்ட மூவர் வேறொரு வழியைச் சொன்னார்கள். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றுகின்றன. ஒன்று சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறுகிறது. கட்டிப்போட்டிருந்த ஈர்ப்பு அறுந்ததும் மற்றது, கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போல, சுற்றிக்கொண்டிருந்த அதே வேகத்தில் பறக்கிறது. அப்படிப் பறக்கிற குள்ளன் வேகமானவன். ஆனால் இளையவனாகவும் இருக்கலாம்.

அந்தக் கவண்கல் கண்ணுக்குத் தென்பட்டது 2018-ல்தான். கையாவின் பட்டியல் வெளியான கையோடு, கென் ஷென் தலைமையிலான குழு மூன்று நட்சத்திரங்களைப் பிடித்தது. மூன்றின் வேகமும் நொடிக்கு 1,000 கி.மீ-க்கு மேல். சென்னையிலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டில் போக இரண்டு நொடிகூட ஆகாது. சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பால்வெளியை விட்டே தப்பிக்க நொடிக்கு 550 கி.மீ-யை ஒட்டிய வேகம் போதும். இவை அதைப்போல இரண்டு மடங்கு.

இங்கே சென்னைக்கு உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டு. மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ளனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு. அந்த எல்லையை நெருங்கும் குள்ளன் வெடிக்கும் என்பதுதான் பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் இருந்த விளக்கம். பிரபஞ்சம் விரிவதை அளக்க இந்த வகை வெடிப்புகளைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். எனவே அவை எப்படி வெடிக்கின்றன என்பது சின்ன விஷயம் இல்லை.

ஷென் குழு சொன்ன கதை வேறு. இரண்டு வெள்ளைக் குள்ளர்கள் சில நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் ஒன்றையொன்று சுற்றுகிறார்கள். எடை கூடியவன் மற்றவனிடமிருந்து ஹீலியத்தை உறிஞ்சுகிறான். அவன் மேல்தோலில் ஹீலியம் வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி உள்ளே போய்க் கருவையும் வெடிக்கவைக்கிறது. சந்திரசேகர் எல்லையைத் தொடாமலேயே வெடிப்பு நடந்துவிடுகிறது. கொடுத்தவன் மட்டும் தப்பித்து ஓடுகிறான். மூன்று நட்சத்திரங்களும் அப்படித் தப்பித்தவர்கள் என்றார்கள்.

தப்பித்தவர்களின் வயதை எப்படிச் சொல்வது? சூட்டை நம்ப முடியாது. பக்கத்தில் நடந்த வெடிப்பில் அடி வாங்கி, வழக்கமான குள்ளனைவிட ஊதிப் பெருத்திருக்கிறார்கள். நடையை வைத்துப் பேட்டையையும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம்: வந்த வழியே திரும்பி நடந்து பார்க்கலாம். மூவரில் டி6-2 என்று பெயரிட்ட நட்சத்திரத்தின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது ஒரு பழைய, மங்கலான சூப்பர்நோவா மிச்சத்துக்குள் போய் நின்றது. வெடிப்பு நடந்து ஏறத்தாழ 90 ஆயிரம் ஆண்டுகள். நட்சத்திரங்களின் கணக்கில் அது நேற்று மாலை. மற்ற இரண்டுக்கும் இப்படி ஒரு மிச்சம் அகப்படவில்லை.

2023-ல் கரீம் எல்-பத்ரி குழு இந்த வகையில் மேலும் சிலரைச் சேர்த்தது. அதில் ஜே0927 என்பது நம்மை நோக்கிய திசையில் மட்டுமே நொடிக்கு 2,285 கி.மீ வேகத்தில் வருகிறது. வெகு தொலைவில் இருப்பதால் பூமியில் யாரும் கவலைப்படத் தேவையில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 2017-ல், ஸ்டெஃபான் வென் குழு எல்.பி. 40-365 என்ற நட்சத்திரத்தைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதியிருந்தது. இது தப்பித்த துணை இல்லை. வெடித்தவனின் மிச்சமே இதுதான் என்பது அவர்கள் வாதம். வெடிப்பு அரைகுறையாக நடந்து, ஒரு துண்டு மட்டும் பிழைத்துப் பறந்திருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை. ஆக்சிஜன், நியான், மக்னீசியம் என்று உலையில் வெந்த சரக்குதான் இருக்கிறது. 2021-ல் இன்னொரு குழு அதன் ஒளி சற்றே கூடிக் குறைவதைக் கவனித்து, தன்னைத்தானே சுற்ற 8.9 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று சொன்னது. வெடித்துச் சிதறிய ஒரு துண்டுக்கு இது மிக நிதானமான சுழற்சி.

பெயரிலுள்ள 'எல்.பி.' என்பது லய்டன்–பாலோமர். ஒற்றைக் கண்ணோடு லய்டன் போட்ட பட்டியலில் வேகமாக நகரும் புள்ளிகளில் ஒன்றாக அது பல பத்தாண்டுகள் இருந்திருக்கிறது. இப்போது நொடிக்குச் சுமார் 850 கி.மீ வேகத்தில் பால்வெளியை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கையா தன் கண்காணிப்பை 2025 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. அது சேர்த்துவைத்ததில் அடுத்த பெரிய பட்டியலை 2026 டிசம்பரில் வெளியிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். இப்படி ஓடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர் அதில் அகப்படுவார்கள் என்பதைத்தான் வெள்ளைக் குள்ளர் ஆய்வாளர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.